தோல்வியில் தம் பங்கு

தாம்பரத்திலிருந்து பெருங்களத்தூரைக் கடந்து தெற்கே செல்வோர் வண்டலூரில் உயிரியல் பூங்காவின் நுழைவாயிலைக் காண்பர். சென்னை மூர் மார்க்கெட்டை அடுத்து நெடுங்காலம் இயங்கிய விலங்குக் காட்சிச்சாலை இடநெருக்கடியால் இக்காட்டுப்பகுதிக்கு மாற்றப்பட்டது. 1985ஆம் ஆண்டு மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்ட இப்பூங்கா அறிஞர் அண்ணாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. விடுமுறை நாள்களில் புலியையும் யானையையும் காண வரும் பல்லாயிரவர் அப்பெயரைப் படித்தபடியே உள்ளே செல்கின்றனர். சாலைகள், பல்கலைக்கழகம், நூலகம் என எங்கும் காணப்படும் பெயர் என்பதால் அதற்குரியவர் எப்போதும் வென்றவர் என்றே இளைய தலைமுறையினர் எண்ணக்கூடும். ஆனால், அண்ணா தம் பொதுவாழ்வில் பலமுறை தோற்றவர். தேர்தலிலும் தோற்றார், நெருங்கிய உறவுகளிலும் தோற்றார். அத்தோல்விகளை அவர் எவ்வாறு ஏற்றார் என்பதைப் பார்ப்போம்.

காஞ்சியின் தீர்ப்பு

1962ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சென்னை மாநிலச் சட்டமன்றத்திற்குப் பொதுத்தேர்தல் நடைபெற்றது. திராவிட முன்னேற்றக் கழகத்தின் பொதுச்செயலாளராக இருந்த அண்ணா தாம் பிறந்த காஞ்சிபுரத்தில் மீண்டும் போட்டியிட்டார். 1957இல் அவரைச் சட்டமன்றத்திற்கு அனுப்பிய தொகுதி அது. அவரை எதிர்த்துக் காங்கிரசின் சார்பில் நின்றவர் பேருந்து நிறுவன உரிமையாளரான நடேச முதலியார். வாக்குகள் எண்ணப்பட்டபோது 9,000க்கும் மேற்பட்ட வாக்கு வேறுபாட்டில் அண்ணா தோற்றிருந்தார்.

அதே நாள்களில் மாநிலத்தின் பிற பகுதிகளிலிருந்து வந்த செய்திகள் நேர்மாறாக இருந்தன. 1957இல் 15 இடங்களைப் பெற்றிருந்த கழகம் இம்முறை 50 இடங்களை வென்றது. படை வென்றது; தளபதி வீழ்ந்தார். தம் பேச்சால் ஊர்தோறும் வேட்பாளர்களை வெற்றி பெறச் செய்தவருக்குத் தம் சொந்த ஊர் வாய்ப்பளிக்கவில்லை. ஒரு தலைவரின் உள்ளத்தை இதைவிடக் கடுமையாகச் சோதிக்கும் நிகழ்வு வேறொன்று இருக்குமா என்பது ஐயமே. முற்றிலும் தோற்ற கட்சியின் தலைவருக்குத் துயரத்தைப் பகிர்ந்துகொள்ளப் பலர் இருப்பர். வென்ற கட்சியில் தோற்ற தலைவரோ பிறரின் வாழ்த்தொலிகளுக்கு நடுவே தனியே நிற்க வேண்டியவர்.

காஞ்சியில் பணம் விளையாடியது என்ற பேச்சு அன்று எழுந்தது. கழகத்தார் அதை உரக்கவே கூறினர். அப்பேச்சில் உண்மை இருந்திருக்கலாம். ஆனால், அதையே முழுக் காரணமாகப் பிடித்துக்கொண்டவர்க்கு அடுத்த ஐந்தாண்டுகள் புலம்பலில் கழிந்திருக்கும். கபடி ஆட்டத்தில் தோற்றுத் திரும்பும் அணி நடுவரைக் குறைகூறிக்கொண்டே ஊர் வந்து சேர்வதை நாம் பார்த்திருக்கிறோம். நடுவர் தவறியிருக்கவும் கூடும். எனினும் அடுத்த ஆட்டத்திற்கு முன் அந்த அணி மாற்றக்கூடியது நடுவரை அன்று. அண்ணா தம் கையில் இருந்ததை நோக்கினார். அது என்ன என்பதை அறிய அவருடைய இளமைக்குச் சற்றுத் திரும்ப வேண்டும்.

நெசவாளர் நகரிலிருந்து

அண்ணா 1909ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15ஆம் நாள் காஞ்சிபுரத்தில் நடராசன், பங்காரு அம்மாள் இணையருக்கு மகனாகப் பிறந்தார். சிற்றன்னையின் அன்பில் வளர்ந்தார். குடும்பத்தின் வறுமையால் இடையில் படிப்பு நின்றது. நகராட்சி அலுவலகத்தில் சில காலம் எழுத்தராகப் பணியாற்றினார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து பொருளியலும் அரசியலும் பயின்று உயர்பட்டம் பெற்றார். காஞ்சியும் வண்டலூரும் அன்று ஒரே செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவை. காஞ்சியிலிருந்து செங்கற்பட்டு வழியாகச் சென்னை செல்லும் இருப்புப்பாதை வண்டலூரைத் தொட்டே தாம்பரம் சேர்கிறது. அவ்வழியெங்கும் அந்நாளில் ஏரிகளும் வயல்களுமே மிகுந்திருந்தன.

படிப்பை முடித்த சில ஆண்டுகளிலேயே முதல் தோல்வி வந்தது. நீதிக்கட்சியின் சார்பில் சென்னை மாநகராட்சித் தேர்தலில் பெத்துநாயக்கன்பேட்டையில் நின்ற இளைஞர் அண்ணாவை மக்கள் ஏற்கவில்லை. செல்வர்களும் பட்டம் பெற்ற பெருமக்களும் நிறைந்திருந்த கட்சி அது. எளிய மக்களிடம் செல்லாத கட்சி எவ்வளவு உயர்ந்த கொள்கை பேசினாலும் வாக்குப்பெட்டி நிறையாது என்பதை அவர் அங்கே நேரில் கண்டார். பின்னர் எழுத்திலும் பேச்சிலும் மேடை நாடகத்திலும் அவர் உருவாக்கிய நடை கூலித் தொழிலாளியின் காதிலும் கல்லூரி மாணவரின் காதிலும் ஒருங்கே இனித்தது. அம்முயற்சிக்கு முதல் தோல்வியும் ஒரு காரணம் என்று கருத இடமுண்டு.

தலைவரைப் பிரிந்தவர்

தேர்தல் தோல்வியை ஐந்தாண்டுகளில் ஈடுசெய்துவிடலாம். உறவில் ஏற்படும் முறிவு அப்படிப்பட்டது அன்று.

1934இல் திருப்பூரில் நடைபெற்ற இளைஞர் மாநாட்டில் அண்ணா பெரியாரைச் சந்தித்தார். அன்று முதல் பெரியாரையே தம் தலைவராகக் கொண்டார். அவருடைய இதழ்களில் பணியாற்றினார். 1938இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறை சென்றார். 1944ஆம் ஆண்டு சேலம் மாநாட்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது. அத்தீர்மானம் அண்ணாத்துரைத் தீர்மானம் என்றே வழங்கப்பட்டது. தலைவரும் தளபதியும் என்று நாடு அவர்களைப் பேசியது.

விரிசல் மெல்லத் தோன்றியது. 1947 ஆகஸ்டு 15ஆம் நாளைத் துக்கநாள் எனப் பெரியார் அறிவித்தார். அண்ணா அதற்கு உடன்படாமல், அந்நிய ஆட்சி நீங்கிய அந்நாள் மகிழ்வுக்குரியதே எனத் தம் இதழில் வெளிப்படையாக எழுதினார். தொண்டர் ஒருவர் தலைவரை மறுத்து எழுதுவது அவ்வியக்கத்தில் எளிதன்று. 1949இல் பெரியார் மணியம்மையைத் திருமணம் செய்துகொண்டபோது கழகத்தின் பெரும்பகுதியினர் மனம் குலைந்தனர். அண்ணாவும் அவரைச் சார்ந்தோரும் வெளியேறினர்.

அவர் வெளியேறிய முறையைக் கூர்ந்து நோக்க வேண்டும். பெரும்பான்மை தம் பக்கம் இருப்பதாகக் கூறிக் கழகத்தின் பெயர், அச்சகம், சொத்து ஆகியவற்றுக்கு உரிமை கோரி வழக்காடியிருக்கலாம். அவர் அவ்வழியில் செல்லவில்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டு, 1949 செப்டம்பர் 17ஆம் நாள் சென்னையில் திராவிட முன்னேற்றக் கழகத்தைத் தோற்றுவித்தார். செப்டம்பர் 17 பெரியார் பிறந்த நாள் என்பதை நினைவிற்கொள்க. புதிய கட்சிக்குத் தலைவர் பதவி நிரப்பப்படவில்லை. அவ்விருக்கை பெரியாருக்கு உரியது என்று கூறி, அண்ணா பொதுச்செயலாளராக மட்டும் அமைந்தார்.

இதை அரசியல் உத்தி என்று கூறுவோரும் உண்டு. பெரியாரின் தொண்டர்களை ஈர்க்க அவ்வெற்று நாற்காலி உதவியது என்பது உண்மையே. எனினும், உத்தி என்றால் ஓரிரு ஆண்டுகளில் அது தளர்ந்திருக்கும். பிரிந்தவர்களைக் கண்ணீர்த்துளிகள் என்று பெரியார் எள்ளினார்; 1954க்குப் பின் காமராசரை ஆதரித்து, தேர்தல்தோறும் கழகத்துக்கு எதிராகவே பேசினார். ஒருவர் பதினெட்டு ஆண்டுகள் தம்மைத் தாக்கும்போதும் அவர்க்குரிய நாற்காலியைக் காத்துவருவது உத்தியால் மட்டும் இயலுவதன்று. பிரிவின் குற்றத்தை அவர்மேல் ஏற்றி உறவை முடித்துக்கொள்வது எளிது. திரும்பிச் செல்லும் வழியைத் தம் பக்கத்தில் அடைக்காமல் வைத்திருப்பதே அரிது.

சம்பத்து கூறியது

அண்ணா பிரிந்துசென்ற கதையை நாடு அறியும். அவரைப் பிரிந்து சென்றவரின் கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

ஈ.வெ.கி. சம்பத்து பெரியாரின் அண்ணன் மகன். 1949இல் தம் சிற்றப்பாவின் மகன்போல் வளர்ந்த இல்லத்தை விட்டு அண்ணாவுடன் வந்தவர். கழகத்தின் ஐம்பெருந்தலைவர்களுள் ஒருவர். 1957இல் நாடாளுமன்ற உறுப்பினரானவர். கட்சி வளர வளர அதனுள் அணிகள் தோன்றின. 1961இன் தொடக்கத்தில் வேலூரில் கூடிய பொதுக்குழுவில் பூசல் முற்றியது. சம்பத்து உண்ணாநோன்பு மேற்கொண்டார். அண்ணா தலையிட்டு அதை முடித்துவைத்தார். ஆயினும் அந்த இணக்கம் நிலைக்கவில்லை. ஏப்ரலில் சம்பத்து விலகித் தமிழ்த் தேசியக் கட்சியைத் தொடங்கினார். கவிஞர் கண்ணதாசனும் அவருடன் சென்றார்.

இங்கே அண்ணாவைக் குறையற்றவராகக் காட்டுவது வாழ்க்கை வரலாற்றுக்கு அழகன்று. எல்லோரையும் அரவணைத்துச் செல்லும் அவர் இயல்பு ஒரு கட்டத்தில் கண்டிக்க வேண்டியவரைக் கண்டிக்கத் தயங்கும் மென்மையாகவும் மாறியது. இரு அணியினரும் அவரைத் தம்மவர் என்றே எண்ணினர். இருவரையும் அவர் நிறைவு செய்ய முயன்றார். முடிவில் ஒருவரை இழந்தார்.

சம்பத்து விலகியதற்குக் கொள்கைக் காரணமும் ஒன்று இருந்தது. நான்கு மொழி நிலங்களை உள்ளடக்கிய திராவிட நாடு என்னும் தனிநாடு கைகூடாத கனவு என்று அவர் வாதிட்டார். கழகம் அதை அன்று ஏற்கவில்லை. ஈராண்டுகளில் நிலைமை மாறியது. 1962 அக்டோபரில் சீனப்படை எல்லையைக் கடந்தபோது அண்ணா பிரிவினைப் பேச்சை நிறுத்தி நாட்டின் பாதுகாப்புக்குத் துணைநின்றார். 1963இல் பிரிவினை கோருவோர் தேர்தலில் நிற்பதைத் தடுக்கும் அரசியலமைப்புத் திருத்தம் வந்தது. அதை மாநிலங்களவையில் எதிர்த்துப் பேசிய அண்ணா, அது சட்டமான பின்னர்க் கட்சியின் விதிகளிலிருந்து தனிநாட்டுக் கோரிக்கையை நீக்கச் செய்தார். கோரிக்கைக்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்றும், அவற்றை இனி மாநில உரிமைகளின் வழியே பேச வேண்டும் என்றும் தொண்டர்களுக்கு விளக்கினார்.

கால் நூற்றாண்டாகத் தாமே ஊட்டி வளர்த்த கனவைத் தம் வாயாலேயே கைவிடுவதாக அறிவிக்கும் பொறுப்பு அவர்மேல் விழுந்தது. அதை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு அவர் ஒதுங்கவில்லை. விலகிய நண்பர் முன்பே சொன்னதில் பொருள் இருந்தது என்பதை அந்த முடிவே ஒருவாறு ஒப்புக்கொண்டது. எனினும், சம்பத்து கழகத்துக்குத் திரும்பவில்லை. சில தோல்விகள் அவற்றின் பாடத்தைக் கற்றுக்கொண்ட பின்னும் தோல்விகளாகவே நின்றுவிடுகின்றன.

கூட்டிப் பார்த்த கணக்கு

மீண்டும் 1962க்கு வருவோம். தோற்ற அண்ணாவை, வென்ற கழகச் சட்டமன்ற உறுப்பினர்கள் மாநிலங்களவைக்குத் தேர்ந்தெடுத்தனர். பிறரைத் தூக்கிவிட்டவரை அவர்கள் தூக்கிவிட்டனர் என்று இதைக் கொள்ளலாம். மே முதல் நாள் தில்லியில் அவர் ஆற்றிய கன்னிப்பேச்சு இந்தியா முழுவதும் அவரை அறியச் செய்தது. அதே ஆண்டில் விலைவாசி உயர்வை எதிர்த்து மறியல் செய்து வேலூர்ச் சிறையிலும் இருந்தார்.

இதற்கிடையில் அவர் கண்முன் ஓர் எளிய கணக்கு இருந்தது. 1962 தேர்தலில் காங்கிரசு பெற்றது ஏறத்தாழ 46 விழுக்காடு வாக்குகள். அதாவது, வாக்களித்தோரில் பாதிக்கு மேற்பட்டோர் அதற்கு எதிராகவே வாக்களித்திருந்தனர். ஆயினும் 206 இடங்களில் 139 இடங்கள் அதற்குக் கிடைத்தன. எதிர்வாக்குகள் கழகம், சுதந்திராக் கட்சி, பொதுவுடைமைக் கட்சி எனச் சிதறிக் கிடந்ததே காரணம். தோல்விக்கு ஆளுங்கட்சியின் பணம் காரணம் என்றால் அதை அண்ணாவால் மாற்ற இயலாது. எதிர்க்கட்சிகளின் பிரிவு காரணம் என்றால் அதில் அவருக்கும் பங்கு உண்டு. அதை மாற்றவும் இயலும்.

மாற்றுவதற்கு அவர் கொடுத்த விலை சிறிதன்று. சுதந்திராக் கட்சியின் தலைவர் இராசாசி. 1938இல் எவருடைய ஆட்சியின் இந்தித் திணிப்பை எதிர்த்து அண்ணா சிறை சென்றாரோ, 1953இல் எவருடைய கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி எனக் கழகம் எதிர்த்துப் போராடியதோ அவரே இவர். அவருடன் ஒரே மேடையில் அமர அண்ணா முன்வந்தார். மார்க்சியப் பொதுவுடைமைக் கட்சி, முஸ்லிம் லீக், ம.பொ. சிவஞானத்தின் தமிழரசுக் கழகம் ஆகியவையும் உடன்பாட்டில் சேர்ந்தன. தம் கட்சியினர் ஆசையோடு கேட்ட தொகுதிகள் பலவற்றைப் பிறர்க்கு விட்டுக்கொடுத்தார். 234 இடங்களில் ஏறத்தாழ 170 இடங்களில் மட்டுமே கழகம் போட்டியிட்டது.

1967இல் வந்த முடிவு அக்கணக்கின் வலிமையைக் காட்டியது. காங்கிரசும் கழகமும் தனித்தனியே பெற்றவை ஏறத்தாழ 41 விழுக்காடு வாக்குகளே. ஆனால், காங்கிரசு ஐம்பதை ஒட்டிய இடங்களில் நின்றுவிட, கழகம் தனித்தே அறுதிப் பெரும்பான்மை பெற்றது. அண்ணா தென்சென்னை நாடாளுமன்றத் தொகுதியில் வென்றார்.

அந்த நாளில் வேறொரு செய்தியும் வந்தது. விருதுநகரில் காமராசர் 1,285 வாக்குகளில் தோற்றார்; அவரை வென்றவர் சீனிவாசன் என்னும் இளம் மாணவர் தலைவர். கழகத் தொண்டர்கள் துள்ளிக் குதித்தனர். அண்ணா மகிழவில்லை. காமராசர் தோற்றிருக்கக் கூடாது என்று வருந்தியவர், அத்தோல்வியைக் கொண்டாட வேண்டா எனத் தம்மவரைத் தடுத்தார். பள்ளிகளைத் திறந்து மதிய உணவளித்த ஒருவரை அவர் பிறந்த ஊரே தோற்கடித்தது. ஐந்தாண்டுகளுக்கு முன் காஞ்சியில் நிகழ்ந்ததும் அதுவே. சொந்த ஊரின் வாக்குப்பெட்டி தரும் வலியை அன்றைய தமிழகத்தில் அண்ணாவைப்போல் அறிந்தவர் ஒருவரும் இல்லை எனலாம்.

திருச்சிப் பயணம்

பதவியேற்பதற்கு முன்பே அண்ணா திருச்சிக்குப் புறப்பட்டார். அங்கே பெரியார் இருந்தார். அத்தேர்தலிலும் கழகத்தைத் தோற்கடிக்குமாறு ஊர் ஊராகச் சென்று பேசியவர் அவர். தோற்றவர் வென்றவரைத் தேடி வருவது உலக வழக்கு. இங்கே வென்றவர் தம் தோழர்களுடன், தம்மை எதிர்த்தவரின் வீட்டுப் படியேறினார். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் விட்டுச்சென்ற இடத்திலிருந்து உறவு மீண்டும் தொடர்ந்தது. 1967 மார்ச்சு 6ஆம் நாள் முதலமைச்சரான அண்ணா, தம் அமைச்சரவையே பெரியாருக்குக் காணிக்கை என்றார். சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு வழங்கினார். சடங்குகள் இன்றி முன்னரே நடந்த திருமணங்களும் அதனால் செல்லுபடியாயின. பெரியார் பல்லாண்டுகள் கேட்டுவந்த ஒன்று அது.

ஆட்சியிலும் அவருக்கு ஒரு குறை நேர்ந்தது. ஒரு ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்னும் தேர்தல் முழக்கம் மக்களை ஈர்த்திருந்தது. மூன்று படி இலக்கு என்றும் ஒரு படியே உறுதி என்றும் அண்ணா பிரித்துரைத்திருந்தாலும், மக்கள் காதில் மூன்றே நின்றது. ஆட்சிக்கு வந்தபின் சென்னையிலும் கோவையிலும் மட்டும் ரூபாய்க்கு ஒரு படி வழங்க முடிந்தது. நாட்டுப்புறத்திற்கு அதை விரிவாக்க அரசின் நிதி இடந்தரவில்லை. எதிர்க்கட்சியினர் இதைச் சுட்டிப் பேசினர். அவர்கள் பேச்சில் நியாயமும் இருந்தது. மேடையில் எழும் முழக்கத்தின் முழு விலையைப் பின்னர் ஆட்சியில் அமர்ந்து செலுத்த வேண்டியிருக்கும் என்பதற்கு இந்நிகழ்வு சான்று.

அவருக்குக் கிடைத்த காலமும் மிகக் குறைவு. 1968இல் புற்றுநோய் கண்டது. அமெரிக்கா சென்று அறுவை மருத்துவம் செய்துகொண்டு திரும்பினார். சென்னை மாநிலம் தமிழ்நாடு என்னும் பெயரை முறையாக ஏற்ற 1969 சனவரி 14ஆம் நாளுக்குப் பின் மூன்று வாரங்களே வாழ்ந்தார். பிப்ரவரி 3ஆம் நாள் சென்னையில் மறைந்தபோது அவருக்கு வயது ஐம்பத்தொன்பது. இறுதி ஊர்வலத்தில் கடற்கரை நோக்கித் திரண்ட மக்கள்வெள்ளம் உலகச் சாதனை நூலில் இடம்பெற்றது. தொண்ணூறை நெருங்கிய பெரியார் தம் தளபதியின் மறைவுக்குக் கலங்கினார்.

வண்டலூர்ப் பூங்காவின் அருகிலிருந்து மேற்கே பிரியும் சாலை படப்பை, ஒரகடம் வழியாக வாலாசாபாத்தை அடைந்து காஞ்சிக்கு இட்டுச்செல்கிறது. அந்நகரில் அண்ணா வாழ்ந்த எளிய இல்லம் இன்று நினைவில்லமாகப் பேணப்படுகிறது. 1957இல் அவரைத் தேர்ந்தெடுத்ததும் 1962இல் மறுத்ததும் அந்த ஊர்தான். தோற்ற பின்னும் அவர் தம் ஊரை விட்டு விலகவில்லை. அவருடைய வீடு அங்கேயே இருந்தது.